மலையேறும் லாரிக்கு இரண்டு மானிகள்

மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குச் சென்றவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். சமவெளியில் மிடுக்காக ஓடிவந்த சரக்கு லாரி, மலைப்பாதையில் சில வளைவுகளைக் கடந்ததும் முனகத் தொடங்குகிறது. வேகம் குறைகிறது. கரும்புகை கக்குகிறது. பின்னால் வரும் பேருந்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு புகையைத் திட்டுகிறார்கள். அந்த நேரத்தில் எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது? அதை லாரி ஓட்டுநர் எப்படி அறிந்துகொள்கிறார்?

அவர் எதிரே டாஷ்போர்டு இருக்கிறது. அதில் வேகம், டீசல் இருப்பு, எஞ்சின் எண்ணெயின் அழுத்தம், பிரேக்குக்கு வேண்டிய காற்றின் அழுத்தம், ரேடியேட்டர் தண்ணீரின் வெப்பம் ஆகியவற்றைக் காட்டும் மானிகள் உண்டு. எஞ்சின் சூட்டைச் சொல்ல இவற்றுள் தண்ணீர் வெப்பமானி ஒன்றுதான் இருக்கிறது. ஆனால் நீரின் தன்வெப்பம் அதிகம் என்று பாடத்தில் படித்திருக்கிறீர்கள் அல்லவா? பல லிட்டர் நீர் சூடேற நேரம் பிடிக்கும். சிலிண்டருக்குள் நெருப்பின் சூடு எல்லை மீறிய பின்னும் இந்த முள் சிறிது நேரம் சாதுவாக நடுவிலேயே நிற்கும். அந்தச் சிறிது நேரத்தில் பிஸ்டனின் தலை உருகிவிட இடமுண்டு. கடன் வாங்கி ஒரே ஒரு லாரி வைத்திருப்பவருக்கு எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு எத்தகைய இடி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, பளுவேற்றி மலையேறும் வண்டிகளுக்கு இரண்டு மானிகளைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்வது உண்டு. ஒன்று, எஞ்சினுக்குள் தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மானி. மற்றொன்று, எஞ்சினிலிருந்து வெளிவரும் புகையின் வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர். இவை எவ்வாறு வேலை செய்கின்றன, எப்படிப் பொருத்துகிறார்கள், முட்கள் சொல்லும் செய்தியை எப்படிப் படிப்பது என்பதைக் காண்போம்.

முதலில் காற்றின் கணக்கு. ஒரு லிட்டர் டீசலை முழுவதும் எரிக்கக் குறைந்தது 12 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால் சுமார் 10,000 லிட்டர்! நாம் டீசலுக்குத்தான் காசு கொடுக்கிறோம். ஆனால் எஞ்சின் பெரும்பாலும் தின்பது காற்றைத்தான். ஆறு லிட்டர் கொள்ளளவுள்ள நான்கு வீச்சு எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றுச் சுற்றினால், அது தானாக உறிஞ்சக்கூடிய காற்று நிமிடத்துக்கு 6,000 லிட்டர். இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் ஒவ்வொரு சிலிண்டரும் மூச்சிழுக்கும் என்பதால் இந்தக் கணக்கு. இதற்கு மேல் டீசலைக் கொட்டினால் எரியக் காற்றிருக்காது. எரியாத கரித்துகள்தான் நாம் கண்ட கரும்புகை.

எஞ்சினைப் பெரிதாக்காமல் அதிகக் காற்றைக் கொடுக்க வழி என்ன? காற்றை அழுத்தித் திணிப்பதுதான். இதற்கு இரண்டு கருவிகள் உள்ளன. எஞ்சினின் சுழல்தண்டிலிருந்தே பெல்ட் அல்லது பற்சக்கரத்தால் ஓட்டப்படும் காற்றுத் தள்ளி சூப்பர்சார்ஜர். அமெரிக்காவில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860-இல் காப்புரிமை பெற்ற ஊதுகருவி இதன் முன்னோடி. உலைகளுக்குக் காற்று ஊதிய அந்தக் கருவியின் வழிவந்தவை பின்னாளில் டெட்ராய்ட் டீசல் என்னும் பெயர்பெற்ற இரு வீச்சு லாரி எஞ்சின்களிலும் ஏறின. மற்றொன்று டர்போசார்ஜர். வீணாக வெளியே போகும் புகையின் வேகத்தால் ஒரு சக்கரம் சுழல, அதே அச்சின் மறுமுனையில் உள்ள சக்கரம் காற்றை உள்ளே அழுத்துகிறது. சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் சாலைகளில் ஓடும் லாரிகளில் நீங்கள் காண்பது பெரும்பாலும் இந்த டர்போதான். மானிகளைப் பொருத்தும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

இடையில் ஒரு வேடிக்கை. சூப்பர்சார்ஜர் படங்களில் சிலவற்றில் 'டிவிஎஸ்' என்ற பெயரைக் கண்டால் மதுரைக்காரர்கள் தங்கள் ஊர்ச் சரக்கு என்று எண்ணிவிட வேண்டாம். அது அமெரிக்காவின் ஈட்டன் நிறுவனத்துத் தயாரிப்பு. 'இரட்டைச் சுழல் வரிசை' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அப்படி அமைந்துவிட்டன. டி.வி.சுந்தரம் அய்யங்கார் மதுரையில் வளர்த்த மோட்டார் நிறுவனத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை.

இனிப் பூஸ்ட் மானி. சித்திரைத் திருவிழாக் கடைகளில் ஒரு காகித ஊதல் விற்பார்கள். சுருண்டு கிடக்கும், ஊதினால் நாக்கைப்போல் நீளும், விட்டால் மறுபடி சுருளும். பூஸ்ட் மானியின் இதயம் இதைப் போன்றதுதான். காகிதத்துக்குப் பதில் பித்தளை போன்ற உலோகத்தாலான, கேள்விக்குறிபோல் வளைந்த தட்டைக் குழாய் உள்ளே இருக்கும். அதன் ஒரு முனை மூடப்பட்டிருக்கும். மறுமுனை வழியாக அழுத்தம் நுழைந்தால் குழாய் சற்றே நிமிரப் பார்க்கும். அந்த நிமிர்வு மிகச் சிறிது. அதைப் பற்சக்கரங்கள் பெரிதாக்கி முள்ளைத் திருப்புகின்றன. பிரான்சு நாட்டு யூஜின் போர்டான் 1849-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. இன்றும் அவர் பெயராலேயே போர்டான் குழாய் எனப்படுகிறது. இதைக் காண நீங்கள் தொலைவு போக வேண்டியதில்லை. மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் ஓட்டுநர் வண்டியைக் கிளப்புமுன் எஞ்சினை உறும விட்டுக் காத்திருப்பதைப் பாருங்கள். 'காற்று ஏறட்டும்' என்பார். அவர் பார்த்துக்கொண்டிருப்பது பிரேக் காற்றழுத்தமானியை. பழைய வண்டிகளில் அதற்குள் இருப்பது பெரும்பாலும் போர்டான் குழாய்தான். சில பழைய பேருந்துகளில் வேகமானி ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். இந்த மானி மட்டும் விழித்திருக்கும். எது இல்லாமல் ஓட்ட முடியாது என்பது ஓட்டுநருக்குத் தெரியும்!

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். குழாய்க்கு உள்ளே இருப்பது எஞ்சினுக்குப் போகும் காற்று. வெளியே, மானியின் கூட்டுக்குள் இருப்பது அந்த இடத்துக் காற்று. முள் காட்டுவது இவ்விரண்டின் வேறுபாட்டை மட்டுமே. எஞ்சின் ஓடாதபோது முள் மதுரையிலும் பூஜ்யம் காட்டும், கொடைக்கானலிலும் பூஜ்யம் காட்டும். ஆனால் மதுரை கடல் மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அழுத்தம் ஏறத்தாழ 1 பார். கொடைக்கானலோ 2,100 மீட்டருக்கு மேல். அங்கே அழுத்தம் சுமார் 0.79 பார்தான். ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மலைக்குளிரில் காற்று சுருங்குவதால் இழந்ததில் சிறிது திரும்பக் கிடைக்கும். என்றாலும் குறைவு குறைவுதான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். சூப்பர்சார்ஜர் பூட்டிய லாரி ஒன்று மதுரையில் 0.8 பார் பூஸ்ட் காட்டுகிறது என்க. அதாவது எஞ்சினுக்குள் நுழையும் காற்றின் முழு அழுத்தம் 1.8 பார். சூப்பர்சார்ஜர் எஞ்சினின் சுற்றுக்குக் கட்டுப்பட்டது. வெளிக்காற்றை ஏறத்தாழ அதே விகிதத்தில்தான் அழுத்தும். ஆகவே கொடைக்கானலில் முழு அழுத்தம் 0.79-ஐ 1.8-ஆல் பெருக்கி வரும் 1.42 பார். அதிலிருந்து 0.79-ஐக் கழித்தால் முள் காட்டுவது 0.63. இதைப் பார்த்து 'கருவி பழுதாகிவிட்டது' என்று பிரிக்கத் தொடங்கினால் வீண் வேலை. டர்போவோ சுற்றுக்குக் கட்டுப்படாதது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்த இடத்தில் இன்னும் வேகமாகச் சுழன்று குறையைப் பெரிதும் ஈடுகட்டிவிடும். அதனால் டர்போ லாரியின் முள் அவ்வளவாக இறங்காது. இறங்கவில்லை என்பதற்காக எஞ்சினுக்கு மதுரைக் காற்று கிடைக்கிறது என்று பொருளல்ல, மலையில் 0.8 என்றால் முழு அழுத்தம் 1.59 மட்டுமே.

அடுத்து பைரோமீட்டர். புகையின் வெப்பத்தை அளக்கப் பாதரச வெப்பமானி உதவாது. பாதரசம் 357 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே கைகொடுப்பது 1821-இல் தாமஸ் சீபெக் கண்டறிந்த விளைவு. இரு வேறு உலோகக் கம்பிகளை முனையில் இணைத்துச் சூடாக்கினால் மின்னியக்கு விசை பிறக்கிறது. இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு முழ நீளமுள்ள இரும்புக் கம்பியையும் செம்புக் கம்பியையும் ஒரு முனையில் இறுக முறுக்குங்கள். மறுமுனைகளை மல்டிமீட்டரின் 200 மில்லிவோல்ட் அளவில் இணைத்து, முறுக்கிய முனையை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். ஒன்று, ஒன்றரை மில்லிவோல்ட் என எண் ஏறும். இன்னும் நன்றாகச் சூடேற்றினால் வியப்பான ஒன்று நிகழும்: எண் ஏறுவதற்குப் பதிலாக இறங்கத் தொடங்கும்! இரும்பு–செம்பு இணையின் மின்னியக்கு விசை 270, 280 டிகிரி வாக்கில் உச்சம் தொட்டுத் திரும்பிவிடுகிறது. உச்சத்தைத் தொடும் அந்த வெப்பநிலையே நடுநிலை வெப்பநிலை. இதை லாரியில் மாட்டினால் எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போது முள் 'குளிர்ந்துவிட்டது' என்று பொய் சொல்லும்.

அதனால்தான் லாரிக்குக் குரோமெல், அலுமெல் என்னும் இரு நிக்கல் கலவைகளாலான கம்பிகளைக் கொள்கிறார்கள். இந்த இணை ஆயிரம் டிகிரிக்கு மேலும் ஏறுமுகமாகவே இருக்கும். ஒரு டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். 700 டிகிரியில் சுமார் 29 மில்லிவோல்ட். டார்ச் விளக்கு செல்லின் மின்னழுத்தத்தில் ஐம்பதில் ஒரு பங்கு! இவ்வளவு சிறிய விசையை நம்பி ஓர் எஞ்சினின் உயிர் இருப்பதால் கம்பி இணைப்புகளில் கவனம் வேண்டும் என்பதைப் பின்னால் காண்போம்.

பழைய டீசல் எஞ்சின்களில், டர்போவுக்கு முன்னால் எடுத்த அளவு நீண்ட நேரம் 700 டிகிரியைத் தாண்டக்கூடாது என்பது மெக்கானிக்குகள் கொள்ளும் பொதுக் கணக்கு. வண்டியின் கையேடு வேறு எண் சொன்னால் கையேடே முடிவு. ஒரு கேள்வி எழலாம். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும். புகை 700 டிகிரியில் இருந்தால் பிஸ்டன் ஏன் அப்போதே உருகவில்லை? நெருப்பு பிஸ்டனின் தலையைத் தொடுவது ஒவ்வொரு சுழற்சியிலும் கண நேரம்தான். அடுத்த கணமே குளிர்ந்த காற்று வந்து தழுவுகிறது. அடியில் எண்ணெயும் சுற்றிலும் தண்ணீரும் சூட்டை வாங்கிக்கொண்டு போகின்றன. வருவதைவிடப் போவது குறையாத வரை பிஸ்டன் பிழைக்கும். புகை வெப்பம் ஏறிக்கொண்டே போனால் அந்தச் சமநிலை கெடுகிறது என்று பொருள்.

இனிப் பொருத்தும் வேலை. மின்னணு மூளையுடன் வரும் புதிய லாரிகளுக்கு இது தேவைப்படுவதில்லை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகளுக்கு ஏற்ப அமைந்த டீசல் லாரிகளில் பூஸ்டையும் புகை வெப்பத்தையும் அளக்கும் உணரிகள் தொழிற்சாலையிலேயே அமைந்துவிடுகின்றன. அவற்றின் கம்பிகளை வெட்டி மானி ஒட்டுவது கூடாது. இங்கே சொல்வது பழைய வகை பம்பு உள்ள லாரிகளுக்கு. அதுவும் பட்டறையில், தேர்ந்த கைகள் செய்ய வேண்டியது. நீங்கள் அருகிலிருந்து பாருங்கள்.

முதல் வேலை, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றுவது. கனரக லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. காருக்கான 12 வோல்ட் மானியை வாங்கி வந்து மாட்டினால் அதன் விளக்கு ஒரு கணம் பிரகாசித்து அணையும். மானியின் அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்க வேண்டும். கோயம்புத்தூரின் பிரிக்கால் போன்ற நிறுவனங்கள் பல பத்தாண்டுகளாக நம் வண்டிகளுக்கு டாஷ்போர்டு மானிகளைச் செய்து வருவதால் இப்பொருள் நமக்குப் புதிதல்ல.

மானியை வைக்கும் இடம், தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் அசைத்தால் தெரியும் இடமாக இருக்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஓட்டுநர் குனிந்து முள்ளைத் தேடக்கூடாது. வழக்கமான மானிக்கு 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் துளை போதும். துளையிடுமுன் டாஷ்போர்டின் பின்புறம் கம்பிக் கற்றை போகிறதா என்று கைவிட்டுத் தடவிப் பார்ப்பது அனுபவசாலிகளின் பழக்கம்.

பூஸ்ட் மானிக்கு, டர்போவுக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள காற்றுக்குழாயில் ஒரு மூன்றுமுனை இணைப்பைப் போட்டு மெல்லிய நைலான் குழாயைக் கேபினுக்குக் கொண்டுவர வேண்டும். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தகட்டைத் துளைத்துக் குழாய் வரும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். இல்லாவிட்டால் தகட்டின் விளிம்பு அதிர்வில் ரம்பம்போல் குழாயை அறுத்துவிடும். குழாய் புகைப்போக்கியின் அருகே போகக்கூடாது. சிலர் இதே முறையில் எஞ்சின் எண்ணெயையும் மெல்லிய குழாய் வழியாகக் கேபினுக்குள்ளிருக்கும் மானிக்கே கொண்டுவருவார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. கொதிக்கும் எண்ணெய்க் குழாய் ஓட்டுநரின் முழங்காலுக்கு மேல் வெடித்தால் என்ன ஆகும்? எண்ணெய்க்கு மின்னுணரியை எஞ்சினில் வைத்து, கம்பியை மட்டும் உள்ளே கொண்டுவருவதே நல்லது.

பைரோமீட்டருக்குப் புகைக்குழாய்த் தொகுதியில், டர்போவுக்கு முன்னால், துளையிட்டு மரை வெட்ட வேண்டும். டர்போவைத் தாண்டி வைத்தால் புகை தன் ஆற்றலில் ஒரு பகுதியைச் சக்கரத்துக்குக் கொடுத்துக் குளிர்ந்திருக்கும். முள் குறைவாகக் காட்டும். துளையிடும்போது விழும் வார்ப்பிரும்புச் சீவல் ஒன்று உள்ளே தங்கினாலும் ஆபத்து. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுவரை சுழலும் டர்போச் சக்கரத்தின் இதழில் அது துப்பாக்கிக் குண்டாக மோதும். துளைக்கருவியில் கிரீஸ் தடவிச் சீவலைப் பிடிப்போர் உண்டு. தொகுதியைக் கழற்றிக் கீழே வைத்துத் துளையிட்டு ஊதிச் சுத்தம் செய்வதே முறை. அரை நாள் கூடுதலாகும்; ஆகட்டும்.

பலர் தவறும் இடம் அடுத்து வருகிறது. குரோமெல்–அலுமெல் கம்பி நீளம் போதவில்லை என்றால் சாதாரணச் செம்புக் கம்பியை ஒட்டி நீட்டிவிடுவார்கள். மின்சாரம் பாயத்தானே செய்கிறது என்று தோன்றும். ஆனால் சீபெக் விளைவு பொருத்து வாய்களின் வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. மானிக்குள் 40 டிகிரியில் இருக்க வேண்டிய குளிர்முனை இப்போது எஞ்சின் அறையில், 80 டிகிரிச் சூட்டில் அமைந்துவிடுகிறது. மானி 40 டிகிரி குறைத்துக் காட்டும். உண்மையில் 720, முள் சொல்வது 680! குறைத்துக் காட்டும் மானியைவிட மானியே இல்லாதிருப்பது மேல். அதே உலோக இணையாலான நீட்டிப்புக் கம்பியைத்தான் பயன்படுத்த வேண்டும்.

கடைசியாக விளக்குக் கம்பி. டாஷ்போர்டு விளக்குச் சுற்றிலிருந்து ஃபியூஸ் வழியாக எடுக்க வேண்டும். எதிர்முனை இணைப்பில் நம் பக்கத்து லாரிகளுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. நாமக்கல், திருச்செங்கோடு பட்டறைகளில் மரத்தால் கட்டிய கேபின்கள் பல இன்னும் ஓடுகின்றன. மரம் மின்கடத்தி அல்ல. இரும்புக் கேபினில் செய்வதுபோல் அருகிலுள்ள திருகில் கம்பியைச் சுற்றிவிட்டால் விளக்கு எரியாது. சேசிஸ்வரை தனிக் கம்பி இழுக்க வேண்டும்.

மானிகள் வேலை செய்கின்றன. இனிப் படிக்கக் கற்க வேண்டும். ஒரு முள்ளை மட்டும் பார்த்தால் ஓர் எண் கிடைக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நோயே தெரியும். மலையேற்றத்தில் பூஸ்டும் உயர்ந்து புகை வெப்பமும் உயர்ந்தால், எஞ்சின் கடுமையாக உழைக்கிறது, அவ்வளவுதான். ஓட்டுநர் கியரைக் குறைத்து மிதியைச் சற்றே தளர்த்தினால் சுற்று கூடும், காற்று கூடும், ஒவ்வொரு வீச்சுக்கும் விழும் டீசல் குறையும். வெப்ப முள் இறங்கும். பெரிய கியரிலேயே மிதியை அழுத்திப் பிடித்து ஏற்றுவதுதான் பிஸ்டனை உருக்கும் பழக்கம். ஆனால் பூஸ்ட் வழக்கத்தைவிடக் குறைந்து, வெப்பம் மட்டும் கூடினால்? டீசல் வருகிறது, காற்று வரவில்லை. எங்கோ ரப்பர்க் குழாய் கிழிந்து காற்று ஒழுகலாம். அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கலாம். மேலூர்ப் பக்கம் கல் ஏற்றும் வண்டிகளும், செங்கல் சூளைகளுக்குப் போய்வரும் வண்டிகளும் தின்னும் புழுதிக்கு வடிகட்டி அடைவது வியப்பில்லை. பூஸ்டும் குறைந்து வெப்பமும் குறைந்து வண்டி இழுக்காமல் போனால் குற்றம் காற்றில் இல்லை, டீசல் போதவில்லை. டீசல் வடிகட்டியைப் பாருங்கள். இப்படிப் படிக்க வேண்டுமானால் வண்டி நலமாக இருக்கும் நாளில், காலி வண்டியாகவும் பளுவோடும், முட்கள் எங்கே நிற்கின்றன என்று ஒரு தாளில் குறித்துக் கேபினில் ஒட்டி வைத்திருக்க வேண்டும். ஆரோக்கியமான நாளின் நாடித்துடிப்பு தெரியாத மருத்துவருக்குக் காய்ச்சல் நாளின் துடிப்பை வைத்து எதைச் சொல்ல முடியும்?

பைரோமீட்டருக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஏற்றம் முடிந்ததும் தேநீர்க் கடை வரும். வண்டியை ஓரங்கட்டி உடனே எஞ்சினை நிறுத்துவது பலரது வழக்கம். அப்போது டர்போவின் அச்சு இன்னும் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும்; அதைத் தாங்குவது எண்ணெயின் மெல்லிய படலம். எஞ்சின் நின்றால் எண்ணெய் வரத்தும் நிற்கும். தேங்கிய எண்ணெய் அந்தச் சூட்டில் கருகி, அச்சைச் சுற்றிக் கரியாகப் படியும். எஞ்சினைச் சும்மா ஓடவிட்டுப் புகை வெப்பமானி 200 டிகிரிக்குக் கீழே இறங்கும்வரை பொறுத்தால் போதும். அதற்குச் சில நிமிடங்கள்தான் ஆகும்; கடைக்காரர் டீ ஆற்றித் தருவதற்குள் முள் இறங்கியிருக்கும்.